தூர் எடுத்த பிறகுதான் மீதிப் பணம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முள்ளுக்காடு அழிப்பது பற்றித்தான். சுருக்கிப் போட்டிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

அருப்புக்கோட்டை வாசகர்: அப்பா போன பிறகு மூன்று ஏக்கர் புஞ்சை சும்மா கிடந்து சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஒருவரிடம் "சுத்தம் பண்ணிக் கொடுங்க" என்று விட்டேன். வெட்டினார், விறகையும் அவரே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மழைக்கு அப்புறம் போய்ப் பார்த்தால் ஒரு மரம் நின்ற இடத்தில் ஏழெட்டுக் கொம்பு வெடித்து நிற்கிறது. கேட்டால், "வெட்டச் சொன்னீங்க, வெட்டினேன்" என்கிறார்.

உங்களிடம் இரண்டு வழியில் பணம் பறித்திருக்கிறார். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூரில் வேலை பார்க்கிறவர்களின் நிலத்தில் வருஷா வருஷம் இதேதான் நடக்கிறது.

முதலில் விறகு. விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த மரம்தான் சரக்கு. டன் கணக்கில் எடை போட்டு விற்பது. அப்படியென்றால் உங்கள் நிலத்தில் நின்ற மரத்துக்கு விலை உண்டு. மரம் நன்றாகப் பருத்திருந்தால் வெட்டுகிறவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும், சுமாராக இருந்தால் கூலிக்கு விறகு சரியாகப் போகும். கூலியும் வாங்கி விறகும் எடுத்துப்போவது அநியாயம். இனி யாரிடம் பேசினாலும், லாரி எடைமேடையில் ஏறும்போது உங்கள் ஆள் ஒருவர் கூட இருக்கட்டும், எடைச்சீட்டு உங்கள் கைக்கு வரட்டும்.

இரண்டாவது தூர், அதாவது வெட்டிய பிறகு மண்ணில் நிற்கிற அடிமுண்டு. சீமைக்கருவேலம் தரைக்கு மேலே எங்கே வெட்டினாலும் தழையும். மண்ணுக்குள் தண்டும் வேரும் சேருகிற இடத்தில் மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும், மேலே வெட்டியதும் அத்தனையும் கிளம்பும். தீ வைத்தாலும் இதே கதைதான். ஆணிவேர் முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டியதில்லை, தரையிலிருந்து ஒரு அடி ஆழத்துக்கு அந்த முண்டு வெளியே வந்தால் போதும். அதற்கு ஜேசிபி வேண்டும், அல்லது கடப்பாரையும் மண் ஈரமும் பொறுமையான ஆளும் வேண்டும். அதனால் ஏக்கருக்கு என்ன ரேட் என்று கேட்காதீர்கள், தூரோடு எடுக்க என்ன ரேட் என்று கேளுங்கள். முன்பணம் கொஞ்சம், பாதி தூர் வெளியே வந்ததும் கொஞ்சம், மீதி ஒரு மழை பெய்து தழைக்கவில்லை என்று பார்த்த பிறகு. இதற்கு ஒப்புக்கொள்ளாதவரை அனுப்பிவிடுங்கள். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணியில் போடுகிற விதை வேறு இருக்கிறது, அது தனியாக முளைக்கும். அந்தக் கன்றுகளை மண் ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடலாம், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில், "சுத்தம்" என்று பேசியதற்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பணம் அனுப்பிய பதிவு, இப்போதைய போட்டோ, எல்லாம் சேர்த்து அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை என்றால் அது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

மணப்பாறை வாசகர்: ஆன்லைனில் புதர் வெட்டுகிற மெஷின், 52 சிசி பிரஷ் கட்டர், வாங்கினேன். முதல் நாளே இன்ஜின் ஜாம். பெட்ரோல் மட்டும்தான் ஊற்றினேன். கம்பெனி மாற்றித் தர மறுக்கிறது.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 முதல் 40 மில்லி வரை டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். டேங்க் மூடியிலேயே பெரும்பாலும் அச்சடித்திருப்பார்கள். இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிற சாமானுக்குப் பத்து நிமிஷம் செலவழித்து, கூட வருகிற கையேட்டுப் புத்தகத்தைப் படித்திருக்கலாமே! பெட்டிக்குள் புத்தகமே இல்லை, மெஷின் மேலும் எதுவும் எழுதவில்லை என்றால் மட்டும் மறுபடி எழுதுங்கள், அது வேறு வழக்கு.

திருச்சுழி வாசகர்: பிரஷ் கட்டரில் நைலான் கம்பி போட்டுக் கருவேலம் வெட்டலாமா?

முடியாது. அது புல்லுக்கு.

புதுக்கோட்டை வாசகி: டவுன் கடையில் கட்டர் பிளேடு வாங்கினேன். இரண்டாம் நாள் பல் தெறித்துவிட்டது, நல்லவேளை யார் மேலும் படவில்லை. கடைக்காரர் பில் தரவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போர்டைக் காட்டுகிறார்.

அம்மா, அந்தப் போர்டுக்கு மதிப்பில்லை. பில் கொடுக்காததும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திருப்பித் தரும் காலக்கெடு எதுவும் பில்லில் குறிக்கவில்லை என்றால், திருப்பித் தர உங்களுக்கு 30 நாள் உண்டு. உடைந்த பிளேடைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள், அழைப்புக்குக் கட்டணம் இல்லை. புகார் எண் வந்ததும் அதைக் கடையில் காட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே பணம் திரும்பிவிடும். தெறித்த பல் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கண்ணாடியும் முழங்கால் கவசமும் இல்லாமல் இனி அந்த மெஷினைத் தொடாதீர்கள்.

கோத்தகிரி வாசகர்: உண்ணிச்செடி ஒழிக்க ஒரு கடையில் லேபிள் இல்லாத கேனில் களைக்கொல்லி தருகிறார்கள். விலை பாதி. வாங்கலாமா?

வேண்டாம். லேபிள் இல்லாத மருந்து விற்பதே குற்றம். உள்ளே பாராகுவாட் இருந்தால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. கிளைபோசேட் என்றால், பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள்தான் அடிக்கலாம் என்று 2022இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. உண்ணிச்செடியை மண்ணுக்குக் கொஞ்சம் கீழே வேரோடு அறுத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக் காயவிடுங்கள், பூத்துக் காய்க்கும் முன்பு.

சிவகங்கை வாசகர்: ஜேசிபிக்காரர் ஐந்து மணி நேரம் என்று வாங்கிவிட்டார். டீ குடித்த நேரமும் ரோட்டில் வந்த நேரமும் அதில்தான்.

வண்டியில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருக்கிறது. வேலை தொடங்கும்போது ஒரு போட்டோ, முடிந்ததும் ஒரு போட்டோ. வந்துபோகிற வாடகையை முன்கூட்டியே தனியாகப் பேசுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது, உழவன் செயலியில் பதியலாம்.

மேலூர் வாசகர்: எந்த பிராண்டு கட்டர் வாங்குவது?

உங்கள் ஊரில் எதற்கு ஸ்பேர் கிடைக்கிறதோ அது. நான் வாங்கியதில் கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் சவ்வு ஒன்று கிழிந்தது. அது மதுரையிலும் இல்லை, திருச்சியிலும் இல்லை, மெஷின் மூலையில் கிடக்கிறது. காசு கொடுக்கும் முன்பு அந்தச் சவ்வும் கிளட்சும் இப்போதே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்கும் முன்பு மானியத்துக்கும் விண்ணப்பியுங்கள், வாங்கிய பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.