மண்வெட்டிக்கு எண்ணெய் பூசியவர்: ஒரு தோட்டக் கட்டுரையின் நயம்

இம்மாத வாசிப்புக்கு எடுத்த கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் இலிகிதராக (எழுதுவினைஞராக) இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள தன் மணல் வளவில் பன்னிரண்டு கத்தரிக் கன்று நடுகிறார். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு காய். அவர் வாயாலேயே கதை வருகிறது. நயம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தமிழ் படிப்பித்து ஓய்ந்தவன் என்ற முறையில் என் பதில்கள்.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவி: சேர், வாசிக்கச் சிரிப்பு வருகிறது. ஏன் வருகிறது என்று எழுதத்தான் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

முதல் பந்தியிலேயே தொடங்கு தங்கச்சி. "மாரி ஓய்ந்ததும் பன்னிரண்டு கத்தரிக் கன்றுகளுக்கு நியமனம் வழங்கினேன். வெண்டிக்கு வேலியோரம் இடமாற்றம். பொன்னாங்காணி மட்டும் நியமனக் கடிதம் இல்லாமலே கடமையைப் பொறுப்பேற்றது." விஷயம் செடி நடுவது, பாஷையோ கச்சேரிக் கோப்பின் பாஷை. சிரிப்பு அந்த இடைவெளியில் பிறக்கிறது. மூன்றாவது வசனத்தை இன்னொரு தரம் பார். நட்டது தடுமாறும், நடாதது படரும் என்பது வளவு வைத்திருக்கிற எல்லோரும் கண்டது. அந்த உண்மை அடியில் இல்லாவிட்டால் கச்சேரிப் பாஷை வெறும் வித்தையாய்ப் போயிருக்கும்.

ஆரையம்பதி: "ஊற்றிய தண்ணீர், நான் வாளியை நிமிர்த்துமுன் வாவிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்." இது என்ன அணி?

உயர்வு நவிற்சி. ஆனால் அணியின் பெயரோடு நிறுத்தினால் புள்ளி வரும், நயம் வராது. எங்கள் கரையோர மணலில் தண்ணீர் நிற்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். களிமண் வயற்காரனுக்கு இதே வசனம் சிரிப்பூட்டாது.

அக்கரைப்பற்று: தொல்காப்பியம் நகைக்கு நான்கு காரணம் சொல்கிறதே. இந்தக் கட்டுரை எதற்குள் அடங்கும்?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை, அதாவது சிரிப்பு. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து அது பிறக்கும். பலர் எள்ளல் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பேராசிரியர் என்ற பழைய உரைகாரரின் உரையைப் பார்த்தால் எள்ளலே இரண்டு வகை: பிறரைத் தான் எள்ளிச் சிரிப்பது, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது. இலிகிதர் முழுக்க இரண்டாவது ஆள்.

ஆனால் எனக்குப் பிடித்தது மடன். சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பதை மடமை என்கிறார் உரைகாரர். இந்தப் பந்தியை அதோடு வைத்துப் பாருங்கள்: "முட்டைக்கோது போடச் சொன்னார்கள், போட்டேன். தேயிலைச் சக்கை போடச் சொன்னார்கள், போட்டேன். மூன்றாம் கிழமை கன்றைவிடக் கோது உயரமாகத் தெரிந்தது." எதையும் கேட்டு மறுக்காத மனுசன். முப்பது வருசம் மேலதிகாரி சொன்னதையெல்லாம் செய்து பழகியவர் என்பது ஒரு சொல்லும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. பாத்திரப் படைப்பும் நகையும் ஒன்றாய் நடக்கிற இடம் அது.

மட்டக்களப்பு, ஆசிரியை: பக்கத்து வளவுப் பெத்தாவின் மண்வெட்டியைப் பற்றி எழுதியது கேலிபோலத் தெரிகிறது. ஏழைக் கிழவியைச் சிரிப்பது சரியா?

டீச்சர், அந்தப் பந்தியை முழுதாய்த் தருகிறேன். "என் மண்வெட்டியில் வாங்கிய நாளிலிருந்து ஒரு கீறல் இல்லை. எண்ணெய் பூசி, துணி சுற்றி, அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பெத்தாவின் மண்வெட்டி பாவம், தேய்ந்து பாதியாகிவிட்டது." இதை வாசித்ததும் எனக்கு நினைவு வந்தது புறநானூற்று 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவனுடைய படைக்கலங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் இருக்கின்றன, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. மேலுக்குப் புகழ், உள்ளே குத்து. வஞ்சப்புகழ்ச்சிக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

இலிகிதர் அதையே திருப்பிப் போடுகிறார். ஔவை குத்தியது எதிரியான தொண்டைமானை. இவர் தன்னையே தொண்டைமானின் இடத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார். "பாவம்" என்ற பரிதாபம் யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். பெத்தா வளவில் கொச்சியும் பயித்தையும் காய்த்துத் தொங்குவதை அடுத்த வசனத்திலேயே சொல்லிவிடுகிறாரே.

வாழைச்சேனை: ஆடு வருகிற இடத்தில் ஏன் அத்தனை குட்டி வசனங்கள்?

"ஆடு வந்தது. பார்த்தது. தின்றது. போனது. நான் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன்." இதை நாங்கள் வழக்கமாகப் பேசுகிறபடி மாற்றிப் பாருங்கள்: ஆடு வந்து பார்த்துத் தின்றுவிட்டுப் போனது. செய்தி அதேதான், சிரிப்பைக் காணோம். வினையெச்சங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போய்விடும். வினைமுற்றாய் வெட்டியதால் ஆட்டுக்கு ஒரு அதிகாரியின் நிதானம் வந்துவிட்டது, மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி.

கல்முனை: எனக்கு மிகப் பிடித்த வரி "கச்சான் அடித்ததும் இலைகள் விடுமுறை விண்ணப்பம் போட்டன." உங்களுக்கு?

எனக்குப் பிடிக்கவில்லை தம்பி. அதற்குள் நியமனம், இடமாற்றம், கடமையேற்பு எல்லாம் வந்து முடிந்துவிட்டன. வாசகன் முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய பகிடி பாதிப் பகிடிதான். கச்சான் காற்றில் இலை சுருளுவதை அவர் கண்ணால் கண்டு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

திருக்கோவில்: பெத்தா மட்டும் ஏன் பேச்சுத் தமிழில்?

"என்ன மனே, கத்தரிக்குத் தண்ணி ஊத்துறியா, புத்தி சொல்றியா?" இவருடைய கோப்புத் தமிழைக் கிழித்துப்போட இந்த ஒரு வசனம் போதும். கட்டுரை முழுக்கப் பெத்தா ஒருதரம்தான் வாய் திறக்கிறா; இரண்டாம் தரம் பேசியிருந்தால் பலம் குறைந்திருக்கும்.

சம்மாந்துறை: வேறு மொழியில் இப்படி உண்டா?

செக் மொழியில் காரெல் சாப்பெக் 1929இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார், மாதம் மாதமாய்த் தோட்டக்காரனின் ஒரு வருடம். படங்கள் அண்ணன் யோசெப் வரைந்தவை. அங்கும் பகிடிக்குள் அகப்படுவது செடியல்ல, குனிந்த முதுகோடு திரிகிற தோட்டக்காரன்.

செங்கலடி: முடிவு விளங்கவில்லை. "பசளை, கயிறு, மருந்து: நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். காய்: ஒன்று. அன்று குழம்பு நிறையக் கத்தரிக்காய். மனைவி காலையில் சந்தைக்குப் போய் வந்திருந்தாள்." இதில் நகை எங்கே?

ஒரு காயில் குழம்பு நிறையாது. மனைவி சந்தையில் வாங்கி வந்து, அந்த ஒன்றையும் அதற்குள் போட்டு, அவரிடம் மூச்சும் விடவில்லை. அவருக்கும் தெரியும், அவரும் சொல்லவில்லை. நான்தான் போட்டு உடைத்துவிட்டேன், அதனால் உங்களுக்கு ஒரு சிரிப்பு நட்டம்.