வாசகர் கேள்வி – பதில்: கோர்ட்டுக்கு ஏன் ஆறு பக்கம்?

கேள்வி: நியூயார்க் மன்ஹாட்டனில் உள்ள கவுண்டி நீதிமன்றம் எதிரில் நின்று பார்த்தால் கிரேக்கக் கோயில். வானிலிருந்து எடுத்த படத்திலோ அறுகோணம். ஏன் இப்படி?

பதில்: 1913ல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் கை லோவல் (Guy Lowell) என்ற கட்டடக் கலைஞருக்கு வெற்றி தேடித்தந்தது வட்ட வடிவக் கட்டடத்துக்கான வரைபடம். முதல் உலகப் போரால் திட்டம் கிடப்பில் போனது. பிறகு கையில் எடுத்தபோது வட்டம் அறுகோணமாகிவிட்டது. நடுவே குவிமாடத்துடன் வட்ட மண்டபம். அதிலிருந்து ஆரக்கால்கள் போல நடைகூடங்கள் வெளிச்சுற்றுக்கு ஓடுகின்றன. இடையில் விழும் திறந்த முற்றங்கள்தான் இந்த அமைப்பின் சூட்சுமம்: இவ்வளவு பருமனான கட்டடத்தின் உட்பக்க அறைகளுக்கும் சன்னல், வெளிச்சம், காற்று எல்லாம் கிடைத்துவிடுகின்றன. அகன்ற படிக்கட்டு, 10 கொரிந்தியத் தூண்கள், சிற்பம் நிறைந்த முக்கோண முகடு என்ற ஆடம்பரம் ஃபோலி சதுக்கத்தைப் பார்த்த பக்கத்துக்கு மட்டுமே. 1927ல் கட்டடம் திறக்கப்பட்டது; அதே ஆண்டில் லோவல் இறந்துபோனார். உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள்: அட்டிலியோ புஸ்டெர்லா 1930களில் தீட்டிய சட்ட வரலாற்று ஓவியங்கள் அங்கே இருக்கின்றன.

கேள்வி: இதற்கு முன்பிருந்த கோர்ட் இடிக்கப்பட்டுவிட்டதா?

பதில்: இல்லை. சேம்பர்ஸ் தெருவில் நிற்கிறது. ‘ட்வீட் கோர்ட்’ என்பார்கள். கட்டுமான வேலை 1861ல் தொடங்கி 1881 வரை இழுத்தது. காரணம், பில் தொகையை ஊதிப் பெருக்கிப் பணத்தைச் சுருட்டிய நியூயார்க் அரசியல்வாதி வில்லியம் ட்வீட்டின் கும்பல். 1873ல் ட்வீட்டை விசாரித்ததும் இதே கட்டடத்தில்தான். அப்போதும் வேலை முடிந்திருக்கவில்லை! தெருவை அகலப்படுத்தப் பெயர்த்த முன்படிக்கட்டைப் பிற்காலப் புதுப்பிப்பில் மறுபடி கட்டினார்கள்.

கேள்வி: பழைய பளிங்கு முகப்புகள் ஏன் சர்க்கரை போல உதிர்கின்றன? சிமென்ட் பூசினால் நிற்குமா?

பதில்: நிற்காது, கேடு கூடும். புகைக் காற்றில் உள்ள கந்தக அமிலம் பளிங்கின் மேற்பரப்பை ஜிப்சமாக்கும். ஜிப்சம் மழையில் கரையும், பிடிப்பிழந்த படிகங்கள் உதிரும். கல்லுக்குள் இருக்கும் இரும்புக் கொக்கி துருப்பிடித்துப் பருத்தால் கல்லே வெடிக்கும். நீர் புகுவது பெரும்பாலும் கற்களின் இடைவெளி வழியாக. அங்கே கெட்டி சிமென்ட்டை அடைத்தால் உள்ளே போன ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். ஓரங்கள் செதில் செதிலாகப் பெயரும். அதற்குப் பதில், இடைவெளியின் அகலத்தைப் போல 2 முதல் 2½ மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தை எடுங்கள். கை உளி போதும். கிரைண்டர் கல் விளிம்பைத் தின்றுவிடும். பிறகு கல்லைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்தைக் கால் அங்குல அடுக்குகளாக அழுத்தி நிரப்புங்கள். ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது.