ஹரிவல்லப் பாயாணி யார்? குஜராத்தி மொழி ஆய்வில் அவருக்கு ஏன் இத்தனை மதிப்பு?

குஜராத்தி மொழியின் வரலாற்றைச் சுவடிச் சான்றுகளோடு தெளிவுபடுத்தியவர்களில் ஹரிவல்லப் பாயாணி (1917–2000) முதல் வரிசையில் நிற்பவர். சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள மஹுவாவில் பிறந்த அவர், மும்பை பாரதிய வித்யா பவனில் சமண அறிஞரான முனி ஜினவிஜயரிடம் ஆய்வுப் பயிற்சி பெற்று, பிற்காலத்தில் அகமதாபாத்தின் குஜராத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

பிராகிருதத்துக்கும் இன்றைய குஜராத்திக்கும் இடைப்பட்ட மொழிநிலையான அபபிரம்சமே அவருடைய வாழ்நாள் களம். அபபிரம்சக் கவிஞர் ஸ்வயம்பூ இயற்றிய சமண இராமகாதையான 'பௌமசரியு'வை அவர் செம்பதிப்பாகக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, 1945இல், ஜினவிஜயருடன் இணைந்து 'சந்தேச ராசக'த்தைப் பதிப்பித்திருந்தார். அப்துல் ரஹ்மான் என்ற இஸ்லாமியக் கவிஞர் பாடிய அந்நூலில், குஜராத்தின் துறைமுக நகரான கம்பாத்துக்குச் சென்று திரும்பாத கணவனுக்கு, அவ்வழியே போகும் பயணி ஒருவனிடம் ஒரு பெண் தன் துயரைச் சொல்லி அனுப்புகிறாள்.

எனக்கு மிகவும் அரியதாகத் தோன்றுவது, 12ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமசந்திரர் எழுதிய இலக்கணத்தின் அபபிரம்சப் பகுதிக்கு அவர் குஜராத்தியில் அளித்த விளக்கப் பதிப்புதான். அதில் விதிகளுக்கு எடுத்துக்காட்டாக வரும் ஈரடிப் பாடல்களில் ஒருத்தி, தன் கணவன் போரில் மடிந்ததே நல்லது என்றும், அவன் தோற்றோடி வந்திருந்தால் தோழியர் முன் தலைகுனிந்திருப்பேன் என்றும் கூறுகிறாள். இலக்கண உதாரணமாக மட்டுமே கடந்து போயிருக்கக்கூடிய இத்தகைய பாடல்களை மொழிச் சான்றாகவும் கவிதையாகவும் ஒருசேரப் படிக்கும் பயிற்சி பாயாணிக்கு இருந்தது. 1981ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் அவருடைய இலக்கியத் திறனாய்வு நூலுக்கே கிடைத்தது.