மீந்துபோன கம்பளி நூல்களைச் சேர்த்து ஒரு முழுக் குரோஷே போர்வை பின்ன முடியுமா?

பல வேலைகளில் மிஞ்சிய நூல் உருண்டைகள் ஒரு பை நிறைய இருப்பதாகவும், அவற்றின் தடிமனும் நிறமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் பின்னலாம், நான் மூன்று போர்வைகளை அப்படித்தான் முடித்திருக்கிறேன். நிறம் பொருந்துமா என்பதுதான் பெரும்பாலானோரின் முதல் கவலை. ஆனால் போர்வையைக் கெடுப்பது நிறமன்று. நூலின் தடிமனும், அது எதனால் ஆனது என்பதுமே கெடுக்கும்.

என் முதல் போர்வையில் பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான் இருந்தது. மேலட்டை கிழிந்துபோன ஓர் உருண்டையையும் அக்ரிலிக் என்றே எண்ணி மூன்று சதுரங்களுக்குப் பயன்படுத்தியிருந்தேன். முதல் முறை வெந்நீரில் துவைத்து எடுத்தபோது அந்த மூன்று சதுரங்கள் மட்டும் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, கண்ணிகள் அடையாளம் தெரியாமல் தடித்து, பக்கத்துச் சதுரங்களின் ஓரங்களையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. அது ஆட்டுக் கம்பளி. அந்த இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் சூட்டிலும் அலசலிலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் பிறகு பிரிவதில்லை. எனவே அட்டை இல்லாத ஒவ்வொரு நூலிலும் ஒரு விரலளவு வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் உள்ள உலோகத் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். ஆட்டுக் கம்பளி முடி கருகிய நாற்றத்துடன் எரிந்து பொடியாகும்; பருத்தி எரிந்த காகிதத்தின் வாடை தரும்; அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். மூன்றையும் தனித்தனிக் குவியலாக்கி, ஒரு போர்வைக்கு ஒரு குவியல் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அடுத்தது தடிமன். நூலை ஓர் அளவுகோலின் மேல் இறுக்காமல், இடைவெளியும் விடாமல் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு சுற்று வேறுபடும் நூல்கள் ஒரே குரோஷே ஊசியில் (நுனியில் கொக்கி உள்ள ஊசி) சேர்ந்து நன்றாகவே பின்னப்படும். 20 சுற்று வரும் மெல்லிய நூல் உங்களிடம் இருந்தால், அதை இரட்டை இழையாகச் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டு இழை சேர்ந்தால் தடிமன் இருமடங்காகிவிடாது, ஏறக்குறைய 14 சுற்று வரும் நூலைப் போல அது நடந்துகொள்ளும். இரட்டை இழையாகப் பிடிக்கும்போது வெவ்வேறு நிறங்களைக் கலந்தால் வரும் மணல் தூவியது போன்ற நிறம், எந்தப் புது நூலிலும் கிடைக்காத ஒன்று. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

வடிவத்துக்குக் கிரானி ஸ்கொயரையே பரிந்துரைப்பேன். நடுவிலிருந்து வெளியே வளரும் சதுரம் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு நூல் எடுக்கலாம். டபுள் குரோஷே என்னும் உயரமான கண்ணிகள் மும்மூன்று கொண்ட கொத்துகள் முதல் சுற்றில் 4, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12, நான்காவதில் 16 என்று ஏறும். (இது அமெரிக்க வழக்கு, பிரிட்டிஷ் குறிப்புகளில் இதே பின்னலுக்கு ட்ரெபிள் என்று பெயர்.) ஆக மொத்தம் 40 கொத்துகளில் 16, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு நூல், கடைசிச் சுற்றுக்கே போய்விடுகிறது. இந்தக் கணக்கு முக்கியமானது. ஏனென்றால், எல்லாச் சதுரங்களின் கடைசிச் சுற்றும் ஒரே நிறத்தில் இருந்தால்தான் உள்ளே இருக்கும் நிறங்கள் எவ்வளவு முரண்பட்டாலும் போர்வை ஒரே துணியாகத் தெரியும். நடுத்தரத் தடிமனுள்ள நூலும் 4 மி.மீ. ஊசியும் கொண்டு நான் பின்னும் சதுரம் 10 செ.மீ. அகலம், 9 கிராம் எடை. அகலத்தில் 9, நீளத்தில் 12 என்று 108 சதுரங்களுக்கு 972 கிராம். அதில் கடைசிச் சுற்றுக்கு மட்டும் சுமார் 390 கிராம். இந்த ஒரு நிறத்தை மட்டும், ஓரத்துக்கும் சேர்த்து, ஒரே சாய எண்ணில் (ஒரே தொகுதியாகச் சாயம் ஏற்றிய நூலின் அட்டையில் இருக்கும் எண்) புதிதாக வாங்கிவிடுங்கள். மிச்ச நூல் போர்வையில் புது நூல் சேர்ப்பதில் ஒரு குறையும் இல்லை. உங்கள் கை இறுக்கம் என்னுடையதிலிருந்து வேறுபடும் என்பதால், ஒரு சதுரம் பின்னி எடை பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது நல்லது. முதல் சுற்றுக்கு மூன்று மீட்டர் நூல் போதும். ஆகையால் மிகச் சிறிய துண்டுகளையும் எறியவேண்டியதில்லை.

பலர் பாதியில் கைவிடுவதற்குக் காரணம் நூல் முனைகள்தான். சுற்றுக்கு ஒரு நிறம் என்றால் ஒரு சதுரத்தில் 8 முனைகள், 108 சதுரங்களில் 864 முனைகள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வேலை ஒருநாளும் முடியாது. ஒவ்வொரு முனையிலும் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள், அடுத்த சுற்றின் கொத்துகளுக்குள் அதை வைத்தே பின்னிச் செல்லுங்கள், மீதியைத் தையல் ஊசியால் ஒரு திசையில் செலுத்தி, திரும்ப எதிர்த்திசையில் கொண்டுவந்து, சதுரம் கையில் இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். வெறும் முடிச்சை நான் நம்புவதில்லை. வழவழப்பான அக்ரிலிக்கில் அது சில துவைப்புகளில் நழுவிவிடுகிறது.

கடைசிச் சுற்றைப் பின்னும் முன் சதுரங்களைத் தரையில் பரப்பி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். அடர்நிறங்கள் ஒரு மூலையில் குவிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும், இடம் மாற்றிக்கொள்ளலாம். பிறகு கடைசிச் சுற்றைப் பின்னும்போதே பக்கத்துச் சதுரத்தோடு கொத்துக்குக் கொத்து இணைத்துக்கொண்டே போனால், தனியாகத் தைக்கும் வேலை மிச்சமாகும்.

முடித்த பிறகு குளிர்ந்த நீரில் அலசி, தட்டையாக விரித்து உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடை கண்ணிகளை நீட்டிவிடும். அக்ரிலிக் போர்வையின் மேல் இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள், சூடு பட்ட இடம் தொய்ந்துபோனால் பழைய நிலைக்குத் திரும்பாது.