பரஞ்ஜியை எரித்த மறுநாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்திய ஆசியாவில் சோவியத் அரசு முஸ்லிம் பெண்களின் முகத்திரையை ஒரே வீச்சில் ஒழித்தது என்று ஒரு கூட்டத்தில் பெருமையாகப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், திரையை எரித்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே மறுபடி அணிந்துகொண்டார்கள் என்றும் பலர் கொலையானார்கள் என்றும் இருக்கிறது. அது விடுதலையா, ரஷ்யர்களின் திணிப்பா? அந்தப் பெண்கள் வெறும் பகடைக்காய்கள்தானா? நடைமுறையில் எங்கே பிசகியது என்று விளக்குவீர்களா?

ர.

அன்புள்ள ர.,

கூட்டத்தில் பேசியது 1927 மார்ச் 8 அன்று உஸ்பெகிஸ்தானில் தொடங்கிய ‘ஹுஜும்’ (தாக்குதல்) என்னும் முகத்திரை ஒழிப்பு இயக்கத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். விடுதலையா திணிப்பா என்பதை ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த வேலையை முதலில் செய்தார்கள், எதைப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்று பார்த்தால்தான் அந்தப் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பது புரியும்.

பரஞ்ஜி என்பது தலைமேல் கவிழ்த்துக்கொள்ளும் கனத்த அங்கி. அதற்குக் கைகள் உண்டு, ஆனால் நுழைத்துக்கொள்வதற்கு அல்ல. ஒடுங்கி நீண்ட இரண்டு போலிக் கைகள் முதுகுப் பக்கம் தொங்கும், கீழே ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருக்கும். உள்ளே, முகத்துக்கு நேராக, குதிரைமயிரில் நெய்த விறைப்பான கறுப்பு வலை. அதன் பெயர் சச்வோன். இதை அணிந்தவர்கள் நகரங்களில் நிலைகொண்ட உஸ்பெக், தாஜிக் பெண்கள். மேய்ச்சல் வாழ்க்கை வாழ்ந்த கசக், கிர்கிஸ் பெண்களிடம் முகத்திரை வழக்கமே இல்லை. தொன்றுதொட்டு வந்தது என்று பலர் நினைக்கும் இந்த உடை, இந்த வடிவில் பரவலானது ரஷ்யப் படையெடுப்புக்குப் பிறகுதான். அந்நியர் நடமாடும் தெருவில் அது மானத்தின் அடையாளமாகிவிட்டது.

1927-க்கு முந்தைய ஏழெட்டு ஆண்டு வேலையை யாரும் பேசுவதில்லை. நான் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். கம்யூனிஸ்ட் கட்சியின் பெண்கள் பிரிவான ஷெனோத்தெல் 1919-இல் தொடங்கியது. பழைய நகரங்களில் பெண்களுக்கென்று தனி மன்றங்கள் வைத்தார்கள். எழுத்தறிவு வகுப்பு, மருத்துவம், சட்ட ஆலோசனை எல்லாம் அங்கே கிடைத்தன. ஆண்கள் நுழையாத கூட்டுறவுக் கடைகள் திறந்தார்கள். பரஞ்ஜியோடு வந்து, உள்ளே கழற்றி வைத்துவிட்டு, போகும்போது போட்டுக்கொண்டு போகலாம். 1926 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த உஸ்பெக் பெண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான் என்னும்போது, அந்த நான்கு சுவருக்குள் நடந்த பாடம் எவ்வளவு பெரிய காரியம்!

சட்டமும் இருந்தது. உஸ்பெகிஸ்தான் உருவாகும் முன் அந்தப் பகுதி அடங்கியிருந்த துர்கிஸ்தானில் 1921-லேயே பெண்ணின் திருமண வயதை 16 ஆக்கினார்கள். பலதார மணமும் பரிசப்பணமும் தடை செய்யப்பட்டன. ஆனால் பிறப்புப் பதிவு இல்லாத ஊரில் வயதை எப்படி நிரூபிப்பது? தெருவில் உள்ளவர்கள் சாட்சி சொன்னால் உண்டு. சாட்சி சொல்பவர்கள் பெண்ணின் தகப்பனுக்கு வேண்டியவர்கள். சட்டம் தாளில் நின்ற காரணம் இவ்வளவு எளிமையானது.

பிறகு ஏன் திடீரென்று திரைமேல் பாய்ந்தார்கள்? தொழிற்சாலை இல்லாத நாட்டில் கட்சி எதிர்பார்த்த தொழிலாளி வர்க்கம் இல்லை. 1925–26-இல் நடந்த நில, நீர்ச் சீர்திருத்தமும் கிராமத்தைக் கட்சி நினைத்தபடி இரண்டாகப் பிளக்கவில்லை. ஒடுக்கப்பட்ட பெண்ணே அந்த வர்க்கத்தின் இடத்தை நிரப்புவாள் என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அக்டோபர் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழா. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். பல தலைமுறைப் பழக்கத்துக்கு எட்டு மாதக் கெடு!

முதலில் கட்சிக்காரர்கள் தங்கள் மனைவியரை அழைத்து வர வேண்டும், பிறகு மற்றவர்கள். சமர்கந்தின் ரெகிஸ்தான் சதுக்கத்திலும் மற்ற நகரங்களிலும் ஊர்வலம், பேச்சு. பெண்கள் முன்னே வந்து பரஞ்ஜியைக் கழற்றி எறிந்தார்கள், குவித்து எரித்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 8 ரமலான் நோன்பின் முதல் வாரத்தில் வந்தது. ஊரே பள்ளிவாசலில் கூடும் மாதம் அது. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மன்னிக்க முடியாத அலட்சியமாகத் தெரிகிறது. முகத்தை மூடுவது மார்க்கக் கடமையல்ல என்று வெளிப்படையாகச் சொன்ன ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) அன்று இருந்தார்கள். கட்சி அவர்களைத் துணைக்கு அழைக்காமல் போட்டியாளர்களாகவே பார்த்தது.

பிசகியது சதுக்கத்தில் அல்ல, வீட்டுக்குத் திரும்பும் சந்தில். மேடையில் கைதட்டியவர்கள் கலைந்துவிடுவார்கள். திரையை எரித்தவள் தன் மஹல்லாவுக்குள், அதாவது தன் குடியிருப்புத் தெருவுக்குள், தனியாக நுழைய வேண்டும். முகம் தெரிய வருபவள் விலைமகள் என்று தெருவே முடிவு கட்டியிருக்கும். கணவன் வெளியே தள்ளினால் படுக்க இடமில்லை, கையில் கூலி இல்லை. போலீஸில் இருப்பவனும் அதே மஹல்லாக்காரன், அவன் மனைவியே வீட்டில் பரஞ்ஜியோடு இருப்பாள். கூட்டத்தில் மனைவியின் திரையை விலக்கிய கட்சிக்காரர்கள் சிலர் மறுநாளே அதைத் திரும்பப் போடச் சொன்னார்கள். இந்த நிலையில் மீண்டும் அணிந்துகொண்ட பெண்ணைக் கோழை என்று யார் சொல்ல முடியும்?

1927 முதல் 1929 வரை கொல்லப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 2,000 பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கொன்றவர்களில் கணவனும் அண்ணனும் தகப்பனும் இருந்தார்கள். பாடகி துர்சுனாய் சைதஸிமோவாவை 1928-இல் அவர் கணவர் கொன்றார். நடிகை நூர்ஹான் யுல்தஷேவாவை 1929-இல் சொந்தச் சகோதரனே குத்திக் கொன்றான். திரை நீக்கிய பெண்ணைக் கொல்வது எதிர்ப்புரட்சிக் குற்றம், மரண தண்டனை வரை போகலாம் என்ற நிலைக்கு அரசு வந்ததே கொலைகள் பெருகிய பிறகுதான். அரசின் அவசரத்தைக் குறை சொல்லும்போது கத்தியைப் பிடித்த கையை மறந்துவிடக் கூடாது. திணிப்பு என்று மட்டும் சொல்பவர்கள் அதை மறக்கிறார்கள்.

பகடைக்காய்களா என்று கேட்டீர்கள். இல்லவே இல்லை. போல்ஷெவிக்குகள் ஆட்சிக்கு வரும் முன்பே, 1917 வசந்தத்தில், ரஷ்யப் பேரரசின் முஸ்லிம் பெண்கள் கசானில் தங்கள் மாநாட்டைக் கூட்டிச் சம உரிமையும் வாக்குரிமையும் கேட்டார்கள். அதே ஆண்டு தாத்தார் ஆசிரியை முஹ்லிஸா பூபி காஜியாக (இஸ்லாமிய நீதிபதியாக) தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் காஜி! அவரை 1937-இல் சுட்டுக் கொன்றது சோவியத் அரசு. உஸ்பெக் பெண்களும் பெண்கள் பள்ளியில் கற்பித்தார்கள், ‘யங்கி யோல்’ பத்திரிகையில் எழுதினார்கள், மிரட்டலுக்கு நடுவே வீடு வீடாகப் போனார்கள்.

ஷெனோத்தெல்லை 1930-இல் கலைத்துவிட்டார்கள். பெண்களின் வழக்கைக் கட்சிக்குள் பேச இருந்த ஒரே அமைப்பு அது. அதன் பிறகு பருத்திக் கூட்டுப்பண்ணைக்குக் கை வேண்டும் என்பதே பேச்சு. எழுத்தும் மாறிக்கொண்டே இருந்தது. 1920-களின் நடுவில் அரபு எழுத்தில் படித்தவள் சில ஆண்டுகளில் லத்தீனையும் 1940-இல் ரஷ்ய எழுத்தான சிரிலிக்கையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

பரஞ்ஜியைத் தடை செய்யும் சட்டத்தைப் பற்றிப் பலமுறை விவாதித்தும் உஸ்பெகிஸ்தானில் அப்படி ஒரு சட்டம் வரவேயில்லை. நாற்பதுகளில்கூட அதைத் தெருவில் பார்க்க முடிந்தது. அது உண்மையில் மறைந்தது, அணிந்தவர்கள் கழற்றியதால் அல்ல, மகள்கள் அணியத் தொடங்காததால். முன்பு பருவம் வந்ததும் போட்டுவிடும் வயதில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

அன்புடன்.