ரத்தப் புற்றுநோயில் எடை: குண்டாக இருந்தால் ஆபத்தா, மெலிந்தால் ஆபத்தா?

மதுரையில் ரத்தப் புற்றுநோய் வார்டில் உணவு ஆலோசகராக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். எடை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உசிலம்பட்டியிலிருந்து: அக்கா, அப்பாவுக்கு லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். 84 கிலோ இருக்கிறார். குண்டானவர்கள் பிழைப்பது கஷ்டம் என்கிறார்கள். கீமோவுக்கு முன்னால் பட்டினி போட்டாவது எடையைக் குறைக்கலாமா?

வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம். அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்களில் ஒருவகை லிம்போமா வந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளியானது. அதில் எடை கூடியவர்கள்தான் அதிக நாள் இருந்தார்கள். அதற்காகக் கொழுப்பு காப்பாற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் முற்றி உடம்பு உருகிப்போனவர்களும் 'சரியான எடை' என்ற கணக்கில்தான் வருவார்கள், அதனால் அந்தக் கணக்கில் பிழைப்பவர்கள் குறைவாகத் தெரியலாம். எல்லா ஆய்வும் இப்படிச் சொல்லவும் இல்லை.

உங்கள் அப்பா இப்போது எத்தனை கிலோ என்பதைவிட, ஆறு மாதத்துக்கு முன் எத்தனை கிலோ இருந்தார் என்பதுதான் முக்கியம். போன சித்திரைத் திருவிழா சமயத்தில் 94 இருந்து இப்போது 84 என்றால், பத்து சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் காரணமில்லாமல் அவ்வளவு இறங்கினால், லிம்போமாவில் அதை நோயின் அறிகுறியாகவே டாக்டர் குறித்துக்கொள்வார். சட்டை தொளதொளவென்று ஆனதா, பெல்ட்டில் புது ஓட்டை போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மேலூரிலிருந்து: என் மகனுக்கு 12 வயது. ஏ.எல்.எல். என்ற வகை லுகேமியா (வெள்ளணுக்களில் வரும் ரத்தப் புற்றுநோய்). கொஞ்சம் கொழுகொழு என்றிருப்பான். 'புள்ள சதைபோட்டா நோயைத் தாங்குவான்' என்கிறார் அப்பத்தா.

அப்பத்தா சொல்வது பாசத்தில். ஆனால் இங்கே கணக்கு வேறு. ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளில், குறிப்பாகப் பத்து வயதைத் தாண்டியவர்களில், உடல் பருமன் இருந்தால் நோய் திரும்ப வருவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொழுப்புச் செல்கள் லுகேமியா செல்களுக்கு மறைவிடம் கொடுப்பதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அஸ்பாரஜினேஸ் என்ற ஊசியால் கல்லீரலுக்கு வரும் தொந்தரவும் பருமனான பிள்ளைகளுக்குக் கூடுதல்.

மெலிந்த பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. ஏ.எம்.எல். என்ற இன்னொரு வகை லுகேமியா வந்த குழந்தைகளைப் பற்றி 2005இல் வந்த அமெரிக்க ஆய்வில், மிக ஒல்லியானவர்கள், மிகப் பருமனானவர்கள் இரண்டு பேருமே மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் பிழைத்தார்கள். சிகிச்சையின் ஆரம்பத்தில் வரும் தொற்றுதான் பெரிய காரணம்.

ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் உங்கள் மகனுக்குப் பசி பேயாகப் பிடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பரோட்டா சால்னா கேட்பான். அது அவன் பிடிவாதம் இல்லை, மருந்து செய்கிற வேலை. திட்டாதீர்கள். சுண்டல், நன்றாக வெந்த முட்டை, தோசையோடு கெட்டிப் பருப்பு என்று தயாராக வைத்திருங்கள். எடை ஏறுகிறதே என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

திருமங்கலத்திலிருந்து: அம்மாவுக்கு ஒரே வாரத்தில் 4 கிலோ ஏறியிருக்கிறது. உடம்பு தேறுகிறது என்று சந்தோஷப்படலாமா?

இல்லை, இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் இவ்வளவு சதை வளராது, நீர் கோத்திருக்கலாம். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்துங்கள், குழி விழுந்தால் அநேகமாக நீர்தான். இமாட்டினிப் என்ற லுகேமியா மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கண்ணைச் சுற்றியும் வீங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியம்மாவிடம் 'எடை நல்லா ஏறிருச்சே' என்று நானே சிரித்துச் சொல்லியிருக்கிறேன். ஏறியது முழுக்க நீர். அன்றிலிருந்து காலைத் தொட்டுப் பார்க்காமல் எடையைப் பற்றிப் பேசுவதில்லை.

மண்ணீரல் பெருத்தாலும் இப்படி ஏமாற்றும். இரண்டு இட்லியிலேயே வயிறு அடைத்துக்கொள்ளும், கையும் தொடையும் இளைக்கும், மெஷினில் மட்டும் எடை அப்படியே நிற்கும்.

வாடிப்பட்டியிலிருந்து: மாமா 102 கிலோ. அவருக்கு மட்டும் கீமோ டோஸ் அதிகமாகப் போடுகிறார்களே, தாங்குவாரா?

உயரம், எடை இரண்டையும் வைத்துத்தான் பெரும்பாலான கீமோ மருந்துகளைக் கணக்கிடுகிறார்கள். பருமனானவர்களுக்குப் பயந்து குறைத்துக் கொடுத்தால் மருந்தின் பலன்தான் குறையும். உண்மையான எடைக்கே முழு டோஸ் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இல் வழிகாட்டியது. வின்கிரிஸ்டின் போன்ற சில மருந்துகளுக்கு உச்ச அளவு தனியாக உண்டு.

செல்லூரிலிருந்து: மாமியாருக்கு மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய்), 41 கிலோதான். என்ன கொடுக்கட்டும்? நானும் 78 கிலோ, எனக்கும் வருமா?

உங்களுக்கு முதலில் சொல்கிறேன். அதிக எடையோடு தொடர்புள்ள 13 புற்றுநோய்கள் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்ன பட்டியலில் மைலோமாவும் இருக்கிறது. அதனால் வந்தே தீரும் என்று பயப்பட வேண்டாம். மெதுவாகக் குறையுங்கள்.

மாமியாருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் என்றாலே தினமும் 49 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். ஆனால் மைலோமாவில் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம், அதனால் புரதத்தைக் கூட்டும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சரி என்றால் மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக் கொடுங்கள். வெள்ளணு குறைந்து தொற்று எளிதில் வரும் நாட்களில் ஆஃப்பாயில் கூடாது, கடை ஐஸ் போட்ட ஜிகர்தண்டாவும் கூடாது. ஸ்டீராய்டு தொடைச் சதையைக் கரைக்கும், அதனால் டாக்டர் சம்மதித்தால் பிடித்துக்கொண்டாவது தினமும் வாசல்வரை நடக்கச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா என்று வாரம் ஒருமுறை பார்த்து, எடையோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.