திருகோணமலையில் எந்தப் பருவத்தில் எந்தக் காட்டுப்பூக்களையும் உயிரினங்களையும் பார்க்கலாம்?

இக்கேள்விக்கு மாதக் கணக்கைவிடக் காற்றின் கணக்கில் விடை சொல்வதே எங்கள் ஊருக்குப் பொருந்தும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று மழையைக் கொண்டுவருகிறது. சித்திரை கழிந்தபின் கச்சான் காற்று நிலத்தை உலர்த்திவிடுகிறது.

மழைக்காலம் நெருங்கிவிட்டதை எனக்கு முதலில் அறிவிப்பது ஆறுமணிக்குருவி. வட இந்தியாவிலிருந்து வலசை வரும் இச்சிறு பறவை, எங்கள் வளவின் வேலியோரம் சருகைக் கிளறிப் புழு தேடும். விடியலிலும் பொழுது மங்கும் நேரத்திலும் சீழ்க்கை போல இரட்டைக் குரலில் கூவும். அதே வேலியில் சில வாரங்களில் கார்த்திகைப் பூ மலர்கிறது. ஒரே கொடியில் பச்சை கலந்த மஞ்சளாய் விரியும் இளம் பூவையும், நுனி சிவந்த பூவையும், முழுதும் செந்நிறமாகிவிட்ட முதிர்ந்த பூவையும் சேர்த்துப் பார்க்கலாம். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள கிளையைப் பிடித்துக்கொள்வதை ஒருமுறையாவது குனிந்து பாருங்கள். அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் அடம்பன் கொடி ஆண்டு முழுவதும் படர்ந்திருக்கும். அதன் ஊதாப் பூக்கள் காலையில் விரிந்து வெயில் ஏற வாடிவிடுவதால், அவற்றைக் காண நேரத்தோடு எழ வேண்டும். அந்த மணலை இறுக்கிப் பிடித்துக் காப்பதும் இக்கொடிதான். கரையைத் துப்புரவாக்குகிறோம் என்று அதைப் பிடுங்கி எறிவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

சித்திரை, வைகாசியில் கொன்றை பொன்னிறமாய்த் தொங்கும். கடல் அடங்கியிருக்கும் அந்த நாட்களில், 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவுக்கும் போகலாம். பவளப்பாறைகளின் மீது மட்டும் கால் வைக்காதீர்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் உலவும் புள்ளிமான்களை எந்த மாதத்திலும் காணலாம் என்றாலும், அவற்றுக்குத் தின்பண்டம் கொடுப்பதையும் பொலித்தீன் பைகளை விட்டுவருவதையும் தயவுசெய்து தவிருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கச்சான் காலத்துக் கோணேசர் மலைதான். கரைக்கு அருகிலேயே கடலடிப் பள்ளம் ஆழமாக இறங்குவதால், உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலம் இங்கே கரையிலிருந்தே கண்ணுக்குத் தென்படுவதுண்டு. கோயிலுக்குக் கிழக்கே திறந்த கடல் என்பதால் காலை வெயில் கண்ணைக் கூசும். பொழுது முதுகுப்புறம் சாய்ந்தபின் நின்று, தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே பார்வையை மெதுவாக ஓட்டுங்கள். இளந்தென்னை உயரத்துக்கு வெண்ணிற மூச்சு எழுந்து கரையும். அதே திசையில் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மீண்டும் எழும்.